வேலை போன பிறகு யாரை முதலில் கூப்பிடுவது?

வேலை போனதும் குமரி மாவட்டத்தில் முதல் போன் தாய்மாமாவுக்குப் போகும். அடுத்தது பங்குத் தந்தைக்கோ, ஊர்த் தலைவருக்கோ, கட்சியில் பிடிபாடு உள்ள யாருக்கோ. இவர்கள் அக்கறை உள்ளவர்கள்தான். வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பீஸுக்கும் கை கொடுப்பவர்களும் இவர்களே. ஆனால் நாம் வேலை பார்ப்பதை இவர்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. "நல்ல பையன், பார்த்து ஏதாவது போட்டுக் கொடுங்க" என்பதற்கு மேல் இவர்களால் எதுவும் சொல்ல முடியாது. ஆள் எடுக்கிறவருக்கு அது போதாது. "இந்த ஆளோடு இரண்டு வருஷம் ஒரே சைட்டில் இருந்தேன், அளவு எழுதினால் திருப்பிப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லும் ஒருவர்தான் அவருக்கு வேண்டும். அந்த ஒருவர் நாம் மறந்தே போன பழைய டீம் லீடராக இருப்பார், சைட்டுக்குக் கம்பி இறக்கிய டீலராக இருப்பார், சம்பளப் பட்டியல் போட்ட கிளார்க்காகக்கூட இருப்பார்.

வெளியாட்கள் மூலம்தான் வேலை வருகிறது என்பது நம் ஊர் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரத்தில் இரண்டு முறையாவது பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 56 சதவீதம். வருஷத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் என்றவர்கள் 28 சதவீதம். அது சிறிய ஆய்வு, 54 பேர்தான். 2022-ல் லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்புத் தளத்தைப் பயன்படுத்தும் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வும் அதே திசையில்தான் போனது, ஒரு திருத்தத்தோடு: மிக நெருங்கியவரும் இல்லை, அறவே பழக்கம் இல்லாதவரும் இல்லை, நடுத்தரப் பழக்கம் உள்ளவர்தான் அதிகம் உதவுகிறார். காரணம் எளிது. நம் வீட்டுக்கு வந்து போகிறவருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன்

முதல் வேலை ரெஸ்யூம் இல்லை, போன் நம்பர்கள். டீம்ஸ், ஸ்லாக் போன்ற ஆபீஸ் செயலிகளில் மட்டும் பேசிப் பழகியவர்களின் சொந்த நம்பர் நம்மிடம் இருக்காது. ஆபீஸ் மெயிலை அடைத்துவிட்டால் அவர்கள் கைவிட்டுப் போன மாதிரிதான், சில கம்பெனிகளில் அது அன்று சாயங்காலமே நடந்துவிடும். எனவே கிடைக்கிற நேரத்தில் 20, 30 பேருக்குத் தனித்தனியாக இரண்டு வரி எழுதுங்கள்: இன்றோடு இங்கே முடிகிறது, நீங்கள் செய்த இன்ன உதவி நினைவில் இருக்கிறது, என் சொந்த நம்பர் இது. எல்லாருக்கும் ஒரே மெயிலாகப் போட்டால் "ஆல் தி பெஸ்ட்" என்று நாலு பேர் எழுதுவார்கள், நம்பர் ஒருவரும் தரமாட்டார்கள்.

வாடிக்கையாளர் பட்டியல், புரோகிராம் கோட், டிராயிங், விலை விவரம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி வார மெயில்களைக் கம்பெனிகள் கூடுதலாகவே கவனிக்கும். ஒரு எக்செல் ஷீட்டுக்காக ரிலீவிங் லெட்டர் மாட்டிக்கொண்டால், பின்னால் நல்ல வார்த்தை சொல்ல இருந்தவர்களும் ஒதுங்கிவிடுவார்கள்.

கம்பெனி கொடுத்த சிம்மைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் ஆதார், பி.எஃப். கணக்கு, பேங்க், நாக்ரி வேலைத் தளம், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் நம்பரை முதலில் மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒவ்வொன்றையும் மீட்க நாள் கணக்கில் அலைய வேண்டிவரும்.

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஏழெட்டு வருஷப் பழக்கம் முழுக்க அந்த ஊர் நம்பரின் வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் அந்த நம்பர் கொஞ்ச காலத்தில் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். அதற்கு முன், பழைய கணக்கு போனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் கணக்கு என்ற பகுதிக்குள் போய் "நம்பரை மாற்று" என்பதைப் பயன்படுத்தி இந்திய நம்பருக்கு மாறுங்கள். தொடர்பில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கவா என்று அது கேட்கும், தெரிவிக்கச் சொல்லுங்கள். குரூப்புகளும் அப்படியே கூட வரும். சர்வீஸ் சர்டிஃபிகேட்டையும் அங்கிருந்து கிளம்பும் முன்னரே வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்தபின் அதற்காக அங்கே யாரையாவது அலையவிடுவது, வேலைக்காகக் கேட்க வேண்டிய உதவியைச் சான்றிதழுக்குச் செலவழிப்பதாகும்.

நோட்டும் பேனாவும்

ஒரு நோட்டில் நாற்பது பெயராவது எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நான்கு கட்டம்: எங்கே சேர்ந்து வேலை பார்த்தோம், என் வேலையில் எதை அவர் நேரில் பார்த்தார், இப்போது எங்கே இருக்கிறார், கடைசியாகப் பேசியது எப்போது. இரண்டாவது கட்டம்தான் முக்கியம். அதில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அவர் தகவல் சொல்வார், பரிந்துரை செய்யமாட்டார். இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கக்கூடாது.

நாற்பது பெயருக்கு எங்கே போவது என்று பத்தாவது பெயரிலேயே நின்றுவிடுகிறவர்கள் பதவியில் மேலே இருந்தவர்களை மட்டும் நினைத்துப் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் பாருங்கள். தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை போன விரிவுரையாளர் என்றால், பிராக்டிகல் பரீட்சைக்கு எக்ஸ்டர்னலாக வந்தவர்கள், பேப்பர் திருத்தும் முகாமில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள், லேபுக்குக் கருவி சப்ளை செய்தவர் எல்லாரும் வர வேண்டும். அந்தக் கருவிக்காரர் பத்துக் கல்லூரிக்குள் போய்வருகிறவர், எந்தத் துறையில் ஆள் குறைகிறது என்பது பிரின்சிபாலுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சைட் இன்ஜினீயர் என்றால் ரெடிமிக்ஸ் பிளான்ட்காரர், சர்வேயர், சப் கான்ட்ராக்டர், பில் பாஸ் பண்ணிய கன்சல்டன்ட். வெல்டர், ஃபிட்டர் என்றால் ஃபோர்மேன், சேஃப்டி ஆபீசர், டைம்கீப்பர். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைக்கு ஆள் சேர்ப்பது அநேகமாக ஃபோர்மேனின் போனில்தான் நடக்கிறது, விளம்பரத்துக்கு வருவதே இல்லை. நர்ஸ் என்றால் வார்டு இன்சார்ஜும், நைட் டியூட்டியில் கூட நின்ற டாக்டரும்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ வேறு ஆபீசுக்கோ சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர்கள் ரயில் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் ஏறி, காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, பாறசாலை தாண்டும்வரை தூங்கிய அந்த ஆறேழு பேர் ஆறேழு வேறு வேறு ஆபீசில் இருக்கிறார்கள். நம் வேலையை அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே இரண்டு மாதமாகச் சம்பளம் இழுக்கிறது என்பதை அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். ரயிலை விட்டதும் அந்தப் பழக்கம் தானாக அறுந்துபோகும், எனவே முதல் பத்துப் போனில் இரண்டு இவர்களுக்குப் போகட்டும்.

சொல்வதா, மறைப்பதா

மறைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் "இப்ப எங்க மக்ளே ஜோலி?" என்று கேட்டதும் மழுப்புகிறவர்கள், வளைகுடாவிலிருந்து வந்துவிட்டு "லீவு முடிஞ்சு எப்ப போற?" என்றால் "அடுத்த மாசம்" என்கிறவர்கள், ஒரு வேலையையே இழக்கிறார்கள் என்பதுதான் நடைமுறை. காலியிடம் தெரிந்தவர் "அவனுக்குத்தான் வேலை இருக்கே" என்று வேறு ஆளிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "புராஜெக்ட் முடிஞ்சு டீமையே எடுத்துட்டாங்க. பில்லிங், சைட் கணக்கு வேலை தேடுறேன், நாகர்கோவில், திருவனந்தபுரம் ரெண்டும் சரி." காரணம் ஒன்று, தேடுவது ஒன்று, இடம் ஒன்று. அதற்கு மேல் பழைய முதலாளியின் கதை வேண்டாம். கேட்கிறவர் தலையாட்டுவார். ஆனால் நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவான் என்று மனதில் குறித்துக்கொள்வார்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா" என்ற மெசேஜ் நல்ல மனிதரையும் பேசாமல் இருக்க வைக்கும். எந்த வேலை என்று அவர் யோசிக்க வேண்டும், இல்லை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டும். அதனால் பதிலே போடமாட்டார். பத்து நிமிஷத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்னக் காரியத்தைக் கேளுங்கள். மாதிரிக்கு, பழைய டீம் லீடருக்கு:

"சார், வணக்கம். 2021-ல் உங்க டீம்ல பில்லிங் டெஸ்டிங் பார்த்த (பெயர்). போன மாசம் எங்க யூனிட்டை மூடிட்டாங்க. உங்க கம்பெனியில டெஸ்டிங் ஆள் எடுக்கிறதா பார்த்தேன். அந்த டீம்ல ஆட்டோமேஷன் எவ்வளவு கேட்கிறாங்கன்னு தெரிஞ்சா தயாராக வசதியா இருக்கும். இந்த வாரம் பத்து நிமிஷம் கூப்பிடலாமா? நேரம் இல்லன்னா பரவாயில்லை சார்."

ரெஸ்யூமை இதோடு இணைக்க வேண்டாம். பேசும்போது அவரே "அனுப்பு" என்பார். அப்போது பி.டி.எஃப்.ஆக அனுப்புங்கள், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும். "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3" என்று வருவதை அவர் யாருக்கும் அப்படியே ஃபார்வர்டு செய்ய முடியாது.

யாரை எப்படிக் கூப்பிட்டுப் பழகினோமோ அப்படியே கூப்பிடுங்கள். நேற்றுவரை "சேட்டா" என்று கூப்பிட்ட திருவனந்தபுரத்துக்காரரை வேலை கேட்கும்போது மட்டும் "ரெஸ்பெக்டட் சார்" என்றால் அவருக்கே ஒருமாதிரி இருக்கும். வயதில் இளையவர் மேலே போயிருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரிடம் "தம்பி, உங்க ஆபீஸ்ல..." என்று தொடங்கலாம்.

ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் எழுதாதீர்கள். அதிகமானால் ஒரே வார்த்தைகளை ஒட்டி அனுப்பத் தோன்றும், அதுவும் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை யாரையும் கூப்பிட வேண்டாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்: துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். நம் காலை ஒன்பது மணி ரியாத்தில் ஆறரை. அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை, சவுதியில் வெள்ளி, சனி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்களை அந்த இரண்டு வாரத்தில் நேரில் பார்ப்பது பத்து போனுக்குச் சமம். ஆனால் வந்த மறுநாளே போய் நிற்காதீர்கள், நான்கு நாள் கழியட்டும்.

பதில் வரவில்லையென்றால் ஏழு நாள் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து இன்னொருமுறை. இரண்டாவது தடவை வெறும் "சார், பார்த்தீங்களா?" என்று கேட்காமல் புதிதாக ஒன்று சொல்லுங்கள்: படித்து முடித்த ஒரு கோர்ஸ், போய்வந்த ஒரு இன்டர்வியூ. அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மனக்கசப்பு வேண்டாம், அவருக்கே வேலை ஆடிக்கொண்டிருக்கலாம்.

ரெஃபரல் எப்படி ஓடுகிறது

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பெரிய கம்பெனிகளில் ஊழியர் ஒருவர் பரிந்துரைப்பது என்றால், உள் போர்ட்டலில் நம் ரெஸ்யூமை அவர் ஏற்றுவதுதான். நாம் அவசரப்பட்டு அதே வேலைக்கு நேரடியாக விண்ணப்பித்திருந்தால், நம் பெயரும் மெயிலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். "இவர் முன்பே பதிவானவர்" என்று போர்ட்டல் அவருடைய பரிந்துரையை ஏற்காது. பல இடங்களில் இந்தத் தடை மாதக்கணக்கில் நீடிக்கும். எனவே உள்ளே ஆள் இருக்கும் கம்பெனிக்கு முதலில் அவரைக் கேளுங்கள், அப்புறம் விண்ணப்பம். கன்சல்டன்சிகளிடம் ரெஸ்யூமைக் கண்டபடி கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

பரிந்துரைத்தவருக்குக் கம்பெனி ஊக்கத்தொகை தருவதும் பரவலாக உண்டு, எடுத்த ஆள் சில மாதம் நிலைத்த பிறகு. ஆகவே கேட்பதில் பிச்சை எதுவும் இல்லை. ஆனால் அவர் பெயரும் பணயத்தில் இருக்கிறது. இன்டர்வியூ தேதி வந்தால் சொல்லுங்கள், போய்வந்தால் அன்றே சொல்லுங்கள், ஆஃபரை மறுத்தால் எச்.ஆருக்குச் சொல்லும் முன் அவருக்குச் சொல்லுங்கள். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்கும்போது பொய் அவர்மேல் விழும்.

எச்.ஆரும் ஒரு பழக்கம்தான்

கோபத்தில் எச்.ஆரிடமும் சம்பளப் பிரிவிடமும் சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள், ஆறு மாதம் கழித்து அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். புதுக் கம்பெனியின் சரிபார்ப்புக்காரர்கள் பழைய எச்.ஆருக்குத்தான் மெயில் போடுவார்கள்: சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, விட்ட காரணம், திரும்ப எடுப்பீர்களா. ரிலீவிங் லெட்டரில் ஒரு தேதியும் பி.எஃப். கணக்கில் வேறு தேதியும் இருந்தால் கேள்வி வரும். பி.எஃப். தளத்தில் விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி போடவில்லையென்றால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த நம்பரின் ஓ.டி.பி.யை வைத்து உறுப்பினரே "மார்க் எக்ஸிட்" வழியாகப் பதியலாம். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 மூன்றையும் நயமாகக் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.

ரெஃபரன்ஸ் என்று ரெஸ்யூமில் போடுவதற்கு இரண்டு, மூன்று பேர் போதும். ஒருவர் உங்களுக்கு மேலே இருந்தவர், ஒருவர் கூட இருந்தவர், முடிந்தால் ஒருவர் வெளியே இருந்து உங்கள் வேலையை வாங்கியவர். கேட்காமல் யார் நம்பரையும் போடாதீர்கள். திடீரென்று பெங்களூரிலிருந்து ஒரு குரல் கேட்கும்போது "யாரு? ம்ம்... இருந்தாப்ல" என்று இழுத்தால் அந்த இழுவையே பதிலாகிவிடும். எந்த வேலைக்குப் போகிறீர்கள், எதைச் சொன்னால் பொருந்தும் என்று முந்தின நாளே மூன்று வரி அனுப்பி வையுங்கள்.

கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலை முகாம்களையும் ஒதுக்க வேண்டாம். அங்கே வேலை கிடைக்காவிட்டாலும் வந்திருக்கும் எச்.ஆர். ஆட்களின் விசிட்டிங் கார்டு கிடைக்கும். அன்று மாலையே இரண்டு வரி எழுதினால் நோட்டில் ஒரு பெயர் கூடும்.

பழக்கத்தைச் சொல்லிப் பணம் கேட்டால்

இதுவரை சொன்ன வழியில் எந்த இடத்திலும் பணம் வராது. "நம்ம ஊர்க்காரன்தான், விசா கையில இருக்கு, ஒரு லட்சம் மட்டும்" என்று யாராவது வந்தால், பழக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உரிம எண்ணைக் கேளுங்கள். 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட்களில் பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க முடியும், சப் ஏஜென்ட் என்று ஒருவருக்கு உரிமம் கிடையாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் எண்ணைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் சொந்த அத்தை மகனாக இருந்தாலும் வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்களில்

நமக்குப் பொருந்தாத காலியிடம் கண்ணில் பட்டால், பொருந்தும் ஆளுக்கு அனுப்புங்கள். கூட வேலை போனவர்களின் குரூப் இருந்தால் அதில் புலம்பல் ஒரு நாளைக்கு மேல் ஓடவிடாதீர்கள். யார் எங்கே இன்டர்வியூ போனார், என்ன கேட்டார்கள் என்பது மட்டும் வரட்டும். பழைய ஆள் யாராவது இரண்டு வாரத்துக்குக் கை வேலை ஒன்று கொடுத்தால், நாள் கூலியைப் பேசிவிட்டு ஒத்துக்கொள்ளலாம். ரெஸ்யூமில் இடைவெளி குறையும், அதைவிட, உங்கள் வேலையைச் சமீபத்தில் பார்த்தவர் ஒருவர் கூடுவார். கூலியைப் பேசாமல் "பழக்கத்துக்கு" என்று தொடங்கினால் வேலையும் முடியாது, பழக்கமும் கெடும்.

வேலை கிடைத்ததும் நோட்டில் உள்ள நாற்பது பேருக்கும் ஒரு வரி போடுங்கள், பதிலே போடாதவர்கள் உட்பட. எங்கே, என்ன வேலை, எந்தத் தேதியில் சேருகிறோம் என்று இருந்தால் போதும். ஏதாவது சின்னத் தகவல் சொன்னவர்களுக்கு அதைக் குறிப்பிட்டுத் தனியாக எழுதுங்கள். புதுக் கம்பெனி சிம் கொடுத்தாலும் ஆதார், பேங்க் போன்றவற்றுக்குச் சொந்த நம்பரையே கொடுங்கள். புரொபேஷன் முடிந்து கன்ஃபர்மேஷன் லெட்டர் கைக்கு வரும்வரை நாக்ரி கணக்கை அழிக்க வேண்டாம், நோட்டையும் பரணில் போட வேண்டாம்.